சூளையும் குழாயும்

எங்கள் ஐயாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, எந்த வீட்டில் எப்போது விசேஷம் என்பது பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும். பெண் பார்த்துப் பேசி முடித்து, வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாளே யாராவது எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். "வேளாரே, வைகாசி பதினாறு முகூர்த்தம். அரசாணிப் பானை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்பார்கள். ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பானை அடுக்கும் கொட்டகையின் உள்சுவரில், சுண்ணாம்பு அடித்த இடத்தில், கரிக்கட்டியால் குறித்துவைப்பார். மாதத்துக்கு ஒரு வரிசை. கல்யாணத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வட்டம். அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு ஒரு குதிரைத் தலை. மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு சட்டி, அதன்மேல் தீக்கொழுந்து. துட்டி வீட்டுக்கு மட்டும் குறி கிடையாது. சாவுக்கு யார் நாள் சொல்ல முடியும்? அதனால் கொள்ளிக்குடமும் நீர்மாலைக் கலயமும் கொட்டகையின் ஒரு மூலையில் எப்போதும் அடுக்கி இருக்கும்.

அந்தச் சுவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் பானையிலிருந்து ரேடியோ செட்டுக்கும், ரேடியோ செட்டிலிருந்து கேபிள் டிவிக்கும் போன கதையைக் கேட்பவர்கள், 'மண் பிசைந்த கைக்கும் ஒயர் இழுத்த கைக்கும் என்ன சம்பந்தம்?' என்பார்கள். சம்பந்தம் அந்தச் சுவரில் இருந்தது.

மானாமதுரை வைகைக் கரை ஊர். ரயில் ஜங்ஷன். ராமேஸ்வரம் போகும் தடமும் விருதுநகர் போகும் தடமும் இங்கே பிரியும். சுற்றிலும் கண்மாய்கள். கோடையில் கண்மாய் வற்றி, அடிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது எங்கள் தெருவில் மாட்டுவண்டிகள் கிளம்பும். ஒரே கண்மாய் மண்ணை வைத்துக்கொண்டு பானை செய்ய முடியாது. ஒரு மண்ணில் பிசுபிசுப்பு இருக்கும், வனைய வரும், காயும்போது வெடிக்கும். இன்னொன்று சூடு தாங்கும், ஆனால் சக்கரத்தில் எழும்பாது. இரண்டையும் எந்த அளவில் கலப்பது, ஆற்று மணல் எத்தனை கூடை போடுவது என்பதெல்லாம் ஐயாவின் காலுக்குத்தான் தெரியும். மண்ணை மிதிப்பது அவர் வேலை. மிதித்துக்கொண்டே, குதிகாலில் ஒரு சிறு கல் தட்டுப்பட்டாலும் குனிந்து எடுத்து எறிவார். அந்தக் கல் பானையில் இருந்துவிட்டால் சூளைக்குள் அந்த இடம் தெறித்துவிடும்.

சக்கரத்தில் உட்காருவது அப்பா. சுழலும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும் பானைக்கு அடி இருக்காது. வாயும் கழுத்தும் தோளும்தான் சக்கரம் தரும். அடியைத் தருவது அப்பத்தா. பாதி காய்ந்த பானையை மடியில் சாய்த்து, உள்ளே இடது கையால் வழவழப்பான கல்லைக் கொடுத்து, வெளியே வலது கையால் பலகை கொண்டு தட்டுவார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து, இறங்கி, சேர்ந்து, அடி மூடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு வீட்டுத் தட்டுக்கும் ஒரு தாளம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கள் வீட்டு வாசலில் கால் நின்றுவிடும். அப்பத்தாவின் தட்டில், நாலு தட்டுக்கு ஒருமுறை ஒரு சின்ன இடைவெளி விழும். அது உள்ளே கல் இடம் மாறும் நேரம்.

சூளை வைக்கும் நாள் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும். பானைகளை வாய் சாய்த்து அடுக்கி, இடுக்கில் விறகும் தென்னை மட்டையும் எருவும் செருகி, மேலே வைக்கோல் பரப்பி, சேறு பூசி மூடுவார்கள். தீ வைக்கும் முன் ஐயா தெருவில் போய் நிற்பார். கொஞ்சம் சாம்பலை எடுத்துக் காற்றில் விடுவார். எந்த வாயில் முதலில் தீ வைப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். விடிய விடிய எரிந்து, அடுத்த நாள் ஆறி, சூளை பிரிக்கும்போது பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்போம். வெளியே எடுக்கும் ஒவ்வொரு பானையையும் ஐயா விரல் கணுவால் ஒரு தட்டு தட்டிக் காதில் வாங்குவார். 'கணீர்' என்றால் வலது பக்கம். 'டொக்' என்றால் இடது பக்கம். கண்ணால் பார்த்தால் ஒரு கீறலும் தெரியாத பானையை இடது பக்கம் வைப்பார். அப்பா அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அடியில் ஈரம் கசியும். அந்தக் காதை மிஞ்சி எங்கள் வீட்டிலிருந்து ஒரு பானை வெளியே போனதில்லை.

அதே ஊரில்தான் கடமும் பிறக்கிறது. மானாமதுரைக் கடம் கனமானது, சுவர் தடித்தது. மண்ணோடு காரீயப் பொடி முதலானவை சேர்த்து, வனைந்த பிறகு ஆயிரக்கணக்கான முறை தட்டி, சுருதி சேர்த்துச் சுடுவார்கள். சுட்ட பிறகு சுருதி பிசகினால் அது வெறும் பானை. அந்த வேலை செய்யும் வீடு வேறு. நாங்கள் சமையல் பானையும் தண்ணீர்ப் பானையும் கோயில் காரியமும் செய்தவர்கள். ஆனால் அந்தக் கடத்தின் பெருமையில் தெருவுக்கே பங்கு இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வானொலி வந்ததற்குக் காரணமே கடம்தான். சனிக்கிழமை இரவு ஆகாசவாணியில் தேசிய சங்கீத நிகழ்ச்சி வரும். அது 1952-இல் தொடங்கியது. கர்நாடக சங்கீதக் கச்சேரி வரும் வாரங்களில், தனி ஆவர்த்தனம் எப்போது வரும் என்று ஐயா காத்திருப்பார். ராகம் தாளம் எதுவும் அவர் படித்ததில்லை. மிருதங்கம் ஓய்ந்து கடம் தனியாகப் பேசத் தொடங்கியதும் முன்னால் குனிந்துகொள்வார். "இது நம்ம ஊரு மண்ணு" என்பார் சில நேரம். சில நேரம் "இல்ல, இது மெல்லிசுப் பானை, வேற ஊரு" என்பார். விக்கு விநாயக்ராம் வாசித்த கடங்களில் மானாமதுரையில் செய்தவையும் உண்டு என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்த வால்வு ரேடியோவுக்குத் தபாலாபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். பணம் கட்டிய முத்திரையோடு ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அதை ஐயா பத்திரங்களோடு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1980-களின் நடுவில் அரசு அந்த லைசென்ஸை எடுத்துவிட்டபோதும் புத்தகத்தை எறியவில்லை.

பானைக்கு நாள் குறைந்தது மெதுவாக நடந்தது. முதலில் அலுமினியச் சட்டி வந்தது. பிறகு எவர்சில்வர். கடைசியாகப் பிளாஸ்டிக் குடம். பிளாஸ்டிக் குடம்தான் பெரிய அடி. வைகையில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த பெண்களுக்கு இடுப்பில் கனம் பாதியாகக் குறைந்தது. விழுந்தாலும் உடையாது. அதை வாங்கியவர்களை எப்படிக் குறை சொல்வது? அப்பத்தாவே தண்ணீர் எடுக்க ஒன்று வாங்கினார். அடுக்களைக்கும் தண்ணீருக்குமான பானை வியாபாரம் இப்படிக் கரைந்தது. கரையாமல் நின்றது விசேஷத்துக்கான பானை மட்டும். கல்யாணத்துக்கு எவர்சில்வர் அரசாணிப் பானை வைக்க முடியாது. கொள்ளிக்குடத்தைப் பிளாஸ்டிக்கில் தூக்க முடியாது. தாயமங்கலம் முத்துமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு ஆயிரங்கண் பானையும் தீச்சட்டியும் மண்ணில்தான் வேண்டும். ஆயிரங்கண் பானைக்குக் கண் வைப்பது பிள்ளைகள் வேலை. பானை ஈரமாக இருக்கும்போதே மூங்கில் குச்சியால் ஒழுங்காகத் துளையிட வேண்டும். குச்சியைத் திருகிக்கொண்டே உள்ளே விட்டு, திருகிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் துளையின் விளிம்பு கிழியும்.

ஆக, அன்றாடத்துக்கான தொழில் போய், சுவரில் குறித்த தேதிகளுக்கான தொழிலாக எங்கள் தொழில் சுருங்கியது. இரண்டு ஆண்மக்களுக்கு அது போதாது. சித்தப்பா மதுரைக்குப் போனார். டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலைக்கு நின்று, பற்றவைப்பதும் வால்வு மாற்றுவதும் படித்தார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது தோளில் ஒரு பெட்டி, அதற்குள் பழைய ஆம்ப்ளிஃபயர். நான் பிறப்பதற்கு முன் நடந்தது இது. ஆனால் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால் நேரில் பார்த்தது மாதிரியே இருக்கிறது.

ஐயா முதலில் ஒப்பவில்லை. "சூளைக்குப் பொறந்தவன் குழாய் கட்டப் போறியா?" என்று கேட்டாராம். குழாய் என்றால் கூம்பு ஒலிபெருக்கி. எங்கள் பக்கத்தில் குழாய் ரேடியோ என்றும் ரேடியோ செட் என்றும் சொல்வார்கள். சித்தப்பா பதிலுக்கு ஐயாவைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாராம். "அய்யா, இந்தச் சுவத்துல இருக்கிற அம்புட்டு வீட்டுக்கும் ரேடியோ செட்டு எங்கருந்து வருது? பரமக்குடியிலருந்தும் மதுரையிலருந்தும் வருது. பானை சொல்ல வாரவுகதான ரேடியோவும் சொல்றாக? நமக்கு நாள் முன்னாடியே தெரியும். அவுகளுக்குப் பின்னாடிதான் தெரியும்" என்றாராம். ஐயா அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, வைகாசி வரிசையில் மூன்று வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கூம்பு வரைந்திருந்ததை அப்பத்தா பார்த்தார். அதுதான் சம்மதம்.

எனக்கு நினைவு தெரிந்தபோது கொட்டகையில் பாதி பானை, பாதி ரேடியோ செட். இரண்டு அகுஜா ஆம்ப்ளிஃபயர், ஆறேழு குழாய், தகரப் பெட்டிகளில் இசைத்தட்டு, கரண்ட் இல்லாத ஊருக்குக் கொண்டுபோகக் கார் பேட்டரி. பழைய அரக்குத் தட்டுகள் கை தவறினால் தூளாகும். மாட்டுவண்டியில், பள்ளம் மேடு நிறைந்த பாதையில், அவற்றை உடையாமல் கொண்டுபோவது பிற கடைக்காரர்களுக்குப் பெரிய பாடு. எங்களுக்கு அது பிறவியிலேயே தெரிந்த வேலை. பானைக்கு வைக்கோல் பிரி சுற்றுகிற மாதிரியே தட்டுப் பெட்டிக்கும் அடியில் வைக்கோல் மெத்தை, பக்கவாட்டில் பிரி, மேலே சாக்கு. ஒரே வண்டியில் அடியில் பானை, மேலே ரேடியோ செட். கல்யாண வீட்டுக்கு அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்தே போவார்கள். அப்பா மணவறையில் அரசாணிப் பானையைக் காவிப்பட்டையும் வெள்ளைப்பட்டையுமாக அலங்கரித்து அடுக்கி முடிப்பதற்குள், சித்தப்பா வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டியிருப்பார்.

குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஐயாவின் சொல்தான் முடிவு. சூளைக்காரருக்குக் காற்றைத் தெரியும். சித்திரையில் பொழுது சாய்ந்தால் காற்று எந்தப் பக்கம் மாறும், ஆடியில் எந்த நேரத்தில் சீறும், கண்மாய்க் கரையில் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "மேக்காலே திருப்பாதடா, ராத்திரி பாட்டு நம்ம பக்கமே திரும்பி வந்துரும். கெழக்கே ரெண்டு, தெக்கே ஒண்ணு" என்பார். அப்படிக் கட்டினால் மூன்று ஊர் தள்ளிக் கேட்கும். 'வேளார் வீட்டுச் செட்டு கரகரக்காது, தூரமும் போகும்' என்று பேர் வந்தது இப்படித்தான். குழாய் கரகரத்தால், ஐயா அதன் விளிம்பை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். யூனிட்டில் கோளாறா, மறை கழன்றிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். சித்தப்பா பிரித்துப் பார்த்தால் ஐயா சொன்னது சரியாகவே இருக்கும்.

தட்டு வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. எந்த விசேஷமானாலும் முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. பிறகு அம்மன் பாட்டு. அதன்பிறகுதான் சினிமா. இரவில் சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது 'திருவிளையாடல்' வசனம். கேசட் வந்த பிறகு, 1984-இல் 'விதி' படத்தின் கோர்ட்டுக் காட்சி வசனத்தைக் கேட்காத ஊரே இல்லை. டீக்கடையிலும் கல்யாணப் பந்தலிலும் ஜனங்கள் உட்கார்ந்து கதை கேட்பார்கள். தட்டைத் துடைத்து உறையில் போடுவது என் வேலை. ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், வரியில் விரல் படக்கூடாது. "பச்சப் பானையத் தொடுற மாதிரி தொடு தாயி" என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்தார்.

வருஷத்தில் பெரிய நாள் சித்திரைத் திருவிழா. மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவது ஊருலகத்துக்குத் தெரியும். மானாமதுரையில் வீர அழகர் வைகையில் இறங்குவார். ஆற்று மணலில் ஒரு ஊரே எழும்பிவிடும். மணலில் ஒரு பக்கம் எங்கள் பானைக்கடை. கலயம், உண்டியல், பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான், கோடைக்குத் தண்ணீர்ப் பானை. நாற்பது அடி தள்ளி மூங்கில் கழி நட்டு, ஓலை வேய்ந்து, சித்தப்பாவின் ஒலிபரப்புக் கொட்டகை. சாமி எங்கே வருகிறது, நீர்மோர்ப் பந்தல் எங்கே இருக்கிறது, எந்த ஊர் மண்டகப்படி என்பதெல்லாம் அங்கிருந்துதான் சொல்லப்படும். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போய் மைக்கை என் கையில் கொடுத்தார். அப்போது ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நாலு வயது இருக்கும். பச்சைச் சட்டை, கையில் ஒரு மண் குதிரை. தன் பேர்கூடச் சொல்லாமல் அழுதான். நான் அவன் சட்டையையும் கையில் இருந்த குதிரையையும் மைக்கில் சொன்னேன். "எங்கள் கடையில் வாங்கிய மண் குதிரை வைத்திருக்கிறான்" என்றேன். அப்பா கடையிலிருந்து ஓடிவந்தார். குதிரை வாங்கிய அம்மாள் பக்கத்து வளையல் கடைக்குப் போனதைப் பார்த்திருந்தார் அவர். கையோடு அந்த அம்மாளைக் கூட்டிவந்தார். பையன் தாயின் இடுப்பில் ஏறியதும் அழுகையை நிறுத்தினான். பானைக்கடையும் ரேடியோ செட்டும் இரண்டு தொழில் என்று அதன்பிறகு நான் நினைத்ததே இல்லை.

டிவி எங்கள் பக்கம் தாமதமாகத்தான் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் தொடங்கியபோதும் அதன் அலை எங்கள் ஊருக்கு எட்டாது. ராமநாதபுரம் கரையோரத்தில் இருந்தவர்கள் உயரமான ஆண்டெனா கட்டி, 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தார்கள். 1980-களின் பின்பாதியில் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்தில் படம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் ஓடும்போது தெருவே காலியாகும். இந்தி யாருக்கும் தெரியாது, கதை எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் சித்தப்பா வீடு வீடாக ஆண்டெனா கட்டினார். பிறகு வீடியோ டெக் வாடகைக்கு விட்டார். கோயில் வாசலில் ஒரு டிவி, ஒரு டெக், விடிய விடிய மூன்று படம். டெக் வேண்டும் என்று வருகிறவர்களும் ஐயாவின் சுவருக்குத்தான் வந்தார்கள். கூம்புக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் முளைத்தது.

1990-களின் தொடக்கத்தில் டிஷ் ஆண்டெனா வந்தது. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியதும் கேபிள் என்ற சொல் அடுக்களை வரை போய்விட்டது. சித்தப்பா இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து டிஷ் வாங்கினார். வைக்க இடம்? சூளைக்குப் பக்கத்து மேடு. கன்ட்ரோல் ரூம்? பானைக் கொட்டகை. மண் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ளே குளுமையாக வைத்திருந்ததால் மெஷின் சூடேறாது. கேபிளைக் கூரை கூரையாகத் தாண்டி இழுத்தபோது, சூளையை ஒட்டிய கம்பத்தில் ஒயர் உருகியது. ஐயா காற்றுத் திசை பார்த்து, தெருவின் அந்தப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார். 1995-இல் கேபிள் சட்டம் வந்து, நடத்துபவர்கள் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றானது. சித்தப்பா அந்தப் பதிவுச் சீட்டைக் கொண்டுவந்து ஐயாவிடம் கொடுத்தார். ஐயா தகரப் பெட்டியைத் திறந்து, பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகத்துக்குள் அதை மடித்து வைத்தார்.

லோக்கல் சேனல்தான் எங்கள் குடும்பம் செய்த ஒலிபரப்பிலும் ஒளிபரப்பிலும் சிறந்தது என்று இன்றும் சொல்வேன். அதில் வந்தது என்ன? கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நாளை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பு, ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது என்ற செய்தி, முளைப்பாரி ஊர்வலம், பள்ளிக்கூட ஆண்டு விழா. டெல்லியும் சென்னையும் எங்களைப் பற்றி எதுவும் சொல்லாத காலத்தில், எங்கள் தெருவை எங்கள் தெருவுக்கே காட்டியது அது. தன் பேத்தி மேடையில் ஆடுவதை டிவியில் பார்த்த ஒரு பாட்டி, எங்கள் வாசலுக்கு வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

ஒரு பொங்கலுக்கு முன் சித்தப்பா வாடகை வீடியோ கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டையே படம் எடுத்தார். மண் மிதிப்பது, அப்பா வனைவது, அப்பத்தா தட்டுவது, சூளை பிரிப்பது. அன்று இரவு அது லோக்கல் சேனலில் ஓடியது. தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. ஐயா திண்ணையில், டிவிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "படம் நல்லாருக்கு. தட்டுற சத்தம் சரியா விழல. மைக்க இன்னும் கிட்ட வச்சிருக்கணும்" என்றார். சித்தப்பா மறுபடி கேமரா வாங்கி வந்து, மைக்கை அப்பத்தாவின் முழங்காலருகே வைத்து எடுத்தார். இரண்டாவது முறை ஓடியபோது ஐயா தலையை ஆட்டினார். அந்த வருஷம் பொங்கல் பானை தை பிறக்கும் முன்பே தீர்ந்துபோனது. எவர்சில்வர் பானையில் பொங்கல் வைக்கத் தொடங்கியிருந்த வீடுகள் சில, மண்பானைக்குத் திரும்பின. எங்கள் கேபிள் எங்கள் பானைக்குச் செய்த கைம்மாறு அது.

உலகத்தில் இப்படி இன்னொரு குடும்பமும் இருந்தது என்பதைப் பெரியவளான பிறகு படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் நகரத்தைச் சேர்ந்த ஃபால்ட்ஸ்கிராஃப் என்ற ஜெர்மானிய வழிக் குயவர் குடும்பம் அது. தங்கள் தொழில் 1811-இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஜாடியும் உணவுத் தட்டும் செய்து பெரிதான அந்தக் குடும்பத்தின் வானொலி நிலையம் 1942-இல் ஒலிக்கத் தொடங்கியது. பிறகு பல நகரங்களில் வானொலி, கேபிள் டிவி என்று வளர்ந்து, 2005-இல் பாண்டத் தொழிலையும், 2006-இல் வானொலியையும் கேபிளையும் விற்றுவிட்டார்கள். அங்கே பாண்டத் தொழில் நடக்கும்போதே வானொலியும் வந்தது. எங்கள் வீட்டில் பாண்டத்தில் விழுந்த நஷ்டம்தான் ரேடியோ செட் ஆனது. முதலும் அளவும் வேறு. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பழகியவர்களுக்கு, அடுத்து அந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்பது முதலில் தெரியும் என்ற விஷயம் யார்க்கிலும் மானாமதுரையிலும் ஒன்றுதான்.

எங்கள் கேபிளும் நிலைத்து நிற்கவில்லை. பெரிய நிறுவனங்கள் மேலிருந்து சிக்னல் கொடுக்கத் தொடங்கியதும் உள்ளூர்க்காரர் வெறும் வசூல்காரர் ஆனார். வீட்டு மாடிதோறும் டிஷ் வந்தது. 2007-இல் அரசு கேபிள் நிறுவனம் அமைந்தது. பிறகு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. அதற்குப் பிறகு கைபேசி. சித்தப்பா தன் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். ரேடியோ செட் மட்டும் அவர் மகனிடம் இன்னும் இருக்கிறது. கூம்புக் குழாய்க்குப் பதில் பெட்டி ஸ்பீக்கர், தட்டுக்குப் பதில் பென் டிரைவ்.

பானை நிற்கிறது. அப்பாவுக்குப் பின் தம்பி சக்கரத்தில் உட்காருகிறான். இப்போது மின்சாரச் சக்கரம். 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது, கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குக் கிடைத்தபோது எங்கள் ஊரே கொண்டாடியது. மேடையில் வாசிப்பவருக்குக் கிடைக்கும் மரியாதை, மடியில் வைத்துத் தட்டிய பெண்ணுக்கும் கிடைத்த நாள் அது. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது. இரண்டும் பெருமைதான். ஆனால் கண்மாய் மண் எடுக்க அனுமதி தடையில்லாமல் கிடைத்தால்தான் அந்தப் பெருமை அடுத்த தலைமுறைக்குப் போகும். மழைக் காலத்தில் சூளை வைக்க முடியாத மாதங்களுக்குப் பிழைப்பு வேண்டும். இதையும் அரசு மறந்துவிடக் கூடாது.

கைத்தொழில் செய்த குடும்பங்களின் வரலாற்றை யாரும் எழுதுவதில்லை. 'அந்தக் காலத்தில் குயவர் இருந்தார், இப்போது இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இடையில் அவர்கள் என்னென்ன கற்றார்கள், எப்படி இடம் மாறினார்கள், எதை விடாமல் வைத்திருந்தார்கள் என்பது அந்த வரியில் இல்லை. ஐயாவின் சுவர் இப்போது இல்லை. கொட்டகையைப் பிரித்தபோது அதுவும் போய்விட்டது. படம் எடுத்து வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் ஊரிலும் ஒரு வேளார் தெரு, ஒரு ஆசாரி தெரு, ஒரு நெசவாளர் தெரு இருக்கும். வரும் தைப் பொங்கலுக்கு அங்கே போய் ஒரு மண்பானை வாங்குங்கள். தட்டிப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய கையோடு, செய்தவரின் பேரையும் அவர் வீட்டில் என்னென்ன தொழில் நடந்தது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். கேட்டால் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது.